உயிருள்ள கிருமியும் கொன்ற கிருமியும்: இரு வகைத் தடுப்பூசிகளை உருவாக்கிய ஹாஃப்கின்

ஒடெசா நகரில் 1860-ஆம் ஆண்டு பிறந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய காலரா தடுப்பூசி, உயிருள்ள கிருமிகளைக் கொண்டது. முதல் ஊசியில் வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகளும், சில நாள் கழித்து இரண்டாம் ஊசியில் வீரியம் மிக்க கிருமிகளும் செலுத்தப்பட்டன. 1892 ஜூலை 18 அன்று அதைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்த அவர், மறு ஆண்டு கல்கத்தா வந்தார்.

பம்பாயில் 1896-ல் பிளேக் பரவியபோது அவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். திரவத்தின் மேல் நெய்யை மிதக்கவிட்டுக் கிருமிகளை வளர்த்து, சூடாக்கிக் கொன்று ஊசிமருந்தாக்கினார். உயிருள்ள கிருமி உடலில் பெருகுவதால் பொதுவாக நீடித்த எதிர்ப்பாற்றல் கிடைக்கும்; ஆனால் அது மீண்டும் வீரியம் பெறக்கூடும். கொன்ற கிருமியால் நோய் வராது; எனினும் அதன் பாதுகாப்பு பெரும்பாலும் விரைவில் குறைந்துவிடும். 1897 ஜனவரி 10 அன்று இதையும் தமக்கே முதலில் செலுத்திக்கொண்டார்.

எனினும் பழி வந்தது கொன்ற கிருமி ஊசியால்தான். 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். பிளேக் கிருமிக்கு இதில் பங்கில்லை. ஒரே புட்டியில் புகுந்த மாசே காரணம். ஆயினும் ஹாஃப்கின் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அவருக்காக வாதாடினர். 1907-ல் பழி நீங்கி, அவர் கல்கத்தாவில் மீண்டும் பணியேற்றார். பம்பாய் ஆய்வகத்தின் தலைமைப் பதவி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வகத்துக்கு 1925-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஹாஃப்கின் காலமானார்.