உலர்ந்த இலைகளைக் காத்த குரு
அருட்தந்தை எத்தெல்பர்ட் பிளாட்டர், சே.ச. (1877–1934)

விழா மலர்களில் புனிதர்களின் வரலாறு இடம் பெறுவது வழக்கம். பீடத்தில் ஏற்றப்படாத ஒரு குருவின் வரலாற்றை இம்முறை பங்கு மக்களுக்குக் கூற விழைகிறோம். மரத்தையும் செடியையும் படைத்தவரின் புகழை, காய்ந்த இலைகளைக் கண்ணுங்கருத்துமாகப் பேணியே அவர் பாடினார்.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஆல்ப்ஸ் மலையடிவாரமான ஆப்பன்செல் பகுதியில் 1877-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் எத்தெல்பர்ட் பிளாட்டர் பிறந்தார். 1896-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1903-இல், குருப்பட்டம் பெறுமுன்பே, பம்பாய் மறைமாநிலத்திற்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள புனித சவேரியார் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கலானார்.

கற்பிக்க வந்தவருக்கு ஒரு குறை தென்பட்டது. நூலில் உள்ள பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று மாணவன் கேட்டால், எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் பூப்பது கோடையில் கிடைக்காது; மலையில் வளர்வது நகரில் கிடைக்காது. எனவே 1906-இல் அக்கல்லூரியில் ஒரு ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். ஹெர்பேரியம் என்பது உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் இடம். நூலகத்தில் நூல்கள் இருப்பதுபோல் அங்கே செடிகள் இருக்கும்.

அப்பணி எத்தகையது என்று சற்று விளக்குவோம். பூவோடும், கூடுமானால் காயோடும் ஒரு கிளையை நறுக்கி, தாள்களுக்கிடையே பரப்பி, பலகை வைத்து அழுத்துவர். ஈரம் உறிஞ்சிய தாள்களை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் இலை கறுத்துவிடும். நன்கு உலர்ந்தபின் கெட்டித் தாளில் ஒட்டி, தண்டை நூலால் தைத்து, மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவர். செடியின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் யாவும் அதில் இருக்கும். செடி எவ்வளவு அழகாயிருந்தாலும், இச்சீட்டு இல்லையேல் அது வெறும் சருகு. பின்னர் குடும்பம், இனம் என்று வகைப்படுத்தி அலமாரியில் அடுக்குவர்.

அடுக்கியதோடு வேலை முடிவதில்லை. பம்பாய் மழையில் பூஞ்சணம் பிடிக்கும். சிறு வண்டுகள் பூவையும் விதையையும் துளைத்து மாவாக்கிவிடும். ஆகையால் அந்நாளில் செடிகளுக்குப் பாதரச நஞ்சு பூசினர். அலமாரிகளில் அந்துருண்டை இட்டு, ஒவ்வொரு தாளையும் அவ்வப்போது திறந்து பார்த்தனர். ஒருவர் அயர்ந்தால் பலருடைய உழைப்பு பாழாகும்.

சில ஆண்டுகளுக்குப்பின் பிளாட்டர் ஐரோப்பா சென்று, இறையியல் கற்று, குருப்பட்டம் பெற்று, 1915-இல் திரும்பினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பம்பாயில் பணியாற்றிய ஜெர்மன் துறவிகள் பலர் காவலில் வைக்கப்பட்டு, நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர் என்பதால் நம் தந்தை தங்க முடிந்தது. எஞ்சிய சிலர்மீது கல்லூரிச் சுமை முழுவதும் விழுந்தது. 1919 முதல் 1924 வரை அவரே முதல்வராகவும் இருந்தார். அத்தனை பாரத்திலும் ஹெர்பேரியத்தை அவர் கைவிடவில்லை.

அருட்தந்தை ஹால்பெர்க்குடன் ராஜஸ்தானப் பாலைவனத்தில் ஜோத்பூர், ஜெய்சால்மர் பகுதிகளில் செடிகளைத் திரட்டினார். அந்த இருவரே நம் தமிழ் மண்ணுக்கும் வந்து, அன்றைய மதுரை மாவட்டத்து மேகமலையில் ஏறிச் செடிகள் எடுத்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சென்னை மாகாணத் தாவரங்களைப்பற்றி காம்பிள் என்பார் தொகுத்த பெருநூலில் அச்செடிகள் இடம் பெற்றுள்ளன. ஏடன், அரேபியா, சிந்து நதிக் கழிமுகம் ஆகிய இடங்களின் தாவரங்களைப்பற்றியும் பிளாட்டர் எழுதினார். இந்தியா, இலங்கையின் பனை இனங்களைப்பற்றிய அவரது நூல் 1926-இல் வெளிவந்தது. நம் பனையும் தென்னையும் கமுகும் அதில் உண்டு.

உடல்நலம் குன்றியபோது பஞ்ச்கனி மலையில் தங்கி, எழுத்தைத் தொடர்ந்தார். 1932-இல் வங்காள ஆசியக் கழகம் புரூல் நினைவுப் பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கிச் சிறப்பித்தது. 1934 மே 26-இல் இறைவனடி சேர்ந்தார். பம்பாய்ப் புல்வகைகளைப்பற்றி மக்கான் என்பாருடன் சேர்ந்து எழுதிய நூல் மறு ஆண்டுதான் அச்சேறியது.

தொடங்கியவர் மறைந்தபின் அத்தாள்களின் கதி என்ன? இத்தகைய சேகரங்கள் பல, பார்ப்பாரின்றி வண்டுக்கு இரையாகியுள்ளன. ஆனால் 1940-இல் ஸ்பெயின் நாட்டவரான அருட்தந்தை சந்தாபாவ், சே.ச., அக்கல்லூரிக்கு வந்தார். ஹெர்பேரியத்தின் பொறுப்பை ஏற்று, காத்து, வளர்த்து, அதற்குப் பிளாட்டர் ஹெர்பேரியம் என்று தம் முன்னோடியின் பெயரையே சூட்டினார். பின்னாளில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறைக்கே இயக்குநராகி, 1967-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் இவர். இன்று அங்கு ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தாள்கள் உள்ளன. ஒரு காட்டில் முன்பு என்ன வளர்ந்தது, எது அழிந்தது என்று அறிய விரும்புவோர் அச்சீட்டுகளையே நாடுகின்றனர்.

பங்கு மக்களே, நம் ஆலயத்திலும் அத்தகைய ஏடுகள் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், ஊர், நாள், குருவின் கையொப்பம் ஆகியவை இருப்பது அந்தச் சீட்டைப் போன்றதே. ஈரமும் கறையானும் அதற்கும் பகைதான். நமக்குமுன் இருந்த குருக்களும் உபதேசியார்களும் அயராது காத்ததால்தான், நம் பாட்டன் பூட்டன் பெயரை இன்று நாம் வாசிக்க முடிகிறது. உங்கள் வீடுகளில் இருக்கும் பழைய படங்களில் உள்ளவர் யார், எந்த ஆண்டு எடுத்தது என்று, அறிந்த பெரியோர் உயிரோடிருக்கும்போதே பின்புறம் எழுதி வையுங்கள் என்று இந்த ஜூபிலி ஆண்டில் வேண்டுகிறோம். பெயர் தெரியாத படமும் நாளடைவில் சருகாகிவிடும்.

சிறிதளவில் உண்மையாயிருப்பவனுக்குப் பெரியவற்றை ஒப்படைக்கிற ஆண்டவர், காக்கும் பொறுமையை நமக்கும் அருள்வாராக.

பங்குத்தந்தை