விரல் நுனியில் ஒளி தந்த லூயி பிரெயில்

பாரிஸ் நகருக்கருகே கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச்சேணம் தைப்பவரின் மகனாய் 1809-இல் லூயி பிரெயில் பிறந்தார். 3 வயதில் தந்தையின் குத்தூசி ஒரு கண்ணைக் குத்திற்று. நோய் பரவி மறு கண்ணும் ஒளியிழந்தது. 10 வயதில் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கிருந்த புடைப்பெழுத்து நூல்களைத் தடவிப் படித்தல் அரிது. அவ்வாறு தாமே எழுதுதலோ இயலாதது. இராணுவ அதிகாரி பார்பியேயின் 12 புள்ளி முறையை 6 புள்ளிகளாக்கி, 1824-இல், 15 வயதிலேயே, விரல் நுனிக்கடங்கும் எழுத்தை அமைத்தார். அப்பள்ளியிலேயே ஆசிரியருமானார். 1852-இல், 43 வயதில் மறைந்தார்; பிரான்ஸில் அவ்வெழுத்து முறைப்படி ஏற்கப்பட்டது 1854-இல்தான்.

1951-இல் நம் நாட்டு மொழிகளுக்கென வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழும் உண்டு. நம் காலனியில் பார்வையற்ற குழந்தை இருப்பின், பாட்டோடு நிறுத்திவிடாமல் இவ்வெழுத்தையும் கற்பிப்போம். வழிகாட்ட டேராடூனில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் உள்ளது.