110 பேர் வேலையை 10 பேர் செய்தார்கள்... ஆட்டோமேஷன் முன்னோடி ப்ரூனெல் சிறைக்குப் போனது ஏன்?

இன்றைய நவீன பிளைவுட் ஆலையில் மரத்தை உரிப்பது முதல் பலகையை அடுக்குவது வரை பெரும்பாலும் மெஷின்தான். 'ஆட்டோமேஷன் வந்தா யாருக்கு லாபம், யாருக்கு வேலை போகும்?' என்பது நம்ம காலத்துக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால், 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மரவேலை ஆலையில் இது எழுந்துவிட்டது. அந்த ஆலையின் மூளை, மார்க் இசம்பார்ட் ப்ரூனெல்.

யார் இவர்?

1769-ல் பிரான்ஸின் நார்மண்டியில் பிறந்தவர். கடற்படையில் பணியாற்றினார். புரட்சிக் காலத்தில் மன்னரை ஆதரித்ததால் உயிருக்கு ஆபத்து. 1793-ல் அமெரிக்காவுக்குத் தப்பி, நியூயார்க் நகரின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1799-ல் ஒரு ஐடியாவோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

அது என்ன ஐடியா?

பாய்மரக் கப்பலில் கயிறு இழுக்க மரக் கப்பிகள் வேண்டும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கே சுமார் 1,000 கப்பிகள். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் தேவைப்பட்டது. இதைச் செய்யத் தேர்ந்த கைவினைஞர்கள் வேண்டும்.

ப்ரூனெல் அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். மரத்தை அறுக்க ஒரு மெஷின், துளை போட ஒன்று, துளையை நீளமாகச் செதுக்க ஒன்று, வெளிப்புறத்தை வடிவமைக்க இன்னொன்று. கடைசி மெஷினில் ஒரே நேரத்தில் 10 கப்பிகள் சுழலும்! அப்போது கடற்படைக்குக் கப்பி சப்ளை செய்த நிறுவனம் இந்த யோசனையை ஏற்கவில்லை. கடற்படை அதிகாரி சாமுவேல் பெந்தம் ஏற்றார். ஹென்றி மாட்ஸ்லே மெஷின்களைச் செய்து கொடுத்தார்.

ரிசல்ட்?

போர்ட்ஸ்மவுத் ஆலையில் 1808-ல் ஒரே ஆண்டில் 1,30,000 கப்பிகள். தேர்ந்த கைவினைஞர்கள் 110 பேர் செய்த வேலையை, பயிற்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். கடற்படைக்குப் பெரிய சேமிப்பு. ப்ரூனெலுக்கு இழுபறிக்குப் பிறகு சுமார் 17,000 பவுண்டு கிடைத்தது. கைத்திறனுக்கு இருந்த மதிப்புதான் சரிந்தது.

பிறகு எங்கே சறுக்கினார்?

பிளைவுட்டின் அடிப்படையான வெனீர் எனும் மெல்லிய மரத்தகடுகளை அறுக்கும் மெஷினுக்கும் காப்புரிமை பெற்றார். லண்டன் பேட்டர்சீயில் மர அறுவை ஆலை நடத்தினார். 1814-ல் அது தீயில் நாசமானது. ராணுவத்துக்கு பூட்ஸ் தயாரிக்கும் மெஷின்களையும் அமைத்திருந்தார். 1815-ல் போர் முடிந்ததும் வாங்க ஆளில்லை, பூட்ஸ் தேங்கியது. வங்கியும் திவால். 1821-ல் கடனாளிகள் சிறைக்குப் போனார். மனைவி சோபியாவும் கூடவே இருந்தார். ரஷ்யாவுக்குப் போய்விடுவார் என்ற பேச்சு எழுந்ததும், பிரிட்டனிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு 5,000 பவுண்டு கொடுத்து மீட்டது.

அப்புறம்?

தேம்ஸ் நதிக்கடியில் சுரங்கப்பாதை அமைத்தார். 1825-ல் தொடங்கிய வேலை 1843-ல்தான் முடிந்தது. 1849-ல் காலமானார். அவரது கப்பி மெஷின்களில் சில 20-ம் நூற்றாண்டிலும் ஓடின.

இதில் நமக்கு என்ன?

கப்பிக்கும் பூட்ஸுக்கும் மூளை ஒன்றுதான். கப்பிக்குக் கடற்படை காத்திருந்தது; பூட்ஸுக்கு ஆர்டர் நின்றுபோனது. அதனால் ஆலையை நவீனமாக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கணும். தயாரிப்பதை வாங்க நாளைக்கும் ஆள் இருக்கா? இன்று வேலை செய்யும் 110 பேருக்கு என்ன வழி? முதல் கேள்வியில் தவறியவர், அரசு கைகொடுத்ததால் மீண்டார். இரண்டாவது, இன்றும் ஒவ்வொரு ஆலை வாசலிலும் நிற்கிறது.