மௌனத்தை உடைத்த கிளிபோர்டு பீர்ஸ்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்று ஒரு நகரம் இருக்கிறது. புகழ்பெற்ற யேல் சர்வகலாசாலை அங்கேதான் உள்ளது. அந்த ஊரில் 1876-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி கிளிபோர்டு பீர்ஸ் பிறந்தார். மனநோயாளிகளைக் கட்டிப்போட்ட வழக்கத்தை எதிர்த்து உலகையே பேச வைத்தவர் அவர். அந்தத் துன்பத்தைத் தாமே அனுபவித்தவரும் அவரே.

மனத்தில் புகுந்த பயம்

பீர்சுக்கு 18 வயது. அவருடைய அண்ணன் அதுவரை நல்ல திடமாக இருந்தவர். 1894-ல் அவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. குடும்பமே கலங்கிவிட்டது. அண்ணன் படும் பாட்டைத் தம்பி அருகில் இருந்து பார்த்தார். இன்று அண்ணனுக்கு வந்த நோய் நாளை நமக்கும் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர் நெஞ்சில் புகுந்தது.

அந்தப் பயம் அவரை விடவே இல்லை. வகுப்பில் எழுந்து பாடம் ஒப்பிக்கவும் நடுங்கினார். நாலு பேர் நடுவே வலிப்பு வந்துவிடுமோ என்று அஞ்சினார். ஆனாலும் மனத்தில் இருந்ததை முழுவதும் எவரிடமும் திறந்து சொல்லவில்லை. வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. 1897-ல் யேலில் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க்கில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். பயம் மட்டும் உள்ளே கறையான் போல அரித்துக்கொண்டே இருந்தது.

இப்படி 6 ஆண்டுகள் கழிந்தன. அண்ணனின் நோய்க்கு மூளையின் அடியில் இருந்த ஒரு கட்டியே காரணம் என்று டாக்டர்கள் பின்னால் முடிவு செய்தார்கள். தம்பி பயந்ததற்கு ஆதாரமே இல்லை. ஆனால் அதைத் தக்க சமயத்தில் அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

மனம் தடுமாறியது

1900-ம் ஆண்டில் பீர்ஸ் அடியோடு தளர்ந்தார். வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பினார். ஜூன் மாதத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காலில் பலத்த காயத்தோடு தப்பினார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ஜன்னலில் இரும்புக் கம்பிகள் இருந்தன. அதைப் பார்த்ததும் தம்மைச் சிறையில் அடைத்துவிட்டதாக எண்ணினார். அவர் மனம் உண்மையையும் பொய்யையும் பிரித்தறியும் சக்தியை இழந்திருந்தது. இல்லாத குரல்கள் காதில் கேட்டன. சாப்பாட்டில் விஷம் கலந்திருப்பதாகச் சந்தேகித்தார். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் துப்பறியும் போலீசார் என்று நம்பினார். பார்க்க வந்த சொந்த அண்ணனே வேஷம் போட்டு வந்த அந்நியன் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு மௌனமாகக் கிடந்தார்.

ஒரு கடிதம் செய்த அற்புதம்

நாட்கள் மாதங்களாயின. 1902 ஆகஸ்டில் பீர்ஸ் ஹார்ட்போர்டு நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே வெளியே போய்வர அனுமதி பெற்ற ஒரு நோயாளி அவருக்கு நண்பரானார். பீர்சின் அண்ணன் ஜார்ஜ் நியூ ஹேவனில் பழைய வீட்டிலேயே இருக்கிறார் என்று அந்த நண்பர் விசாரித்து வந்து சொன்னார்.

பீர்ஸ் ஒரு சோதனை செய்தார். அண்ணனின் விலாசத்துக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். பார்க்க வரும்போது இந்தக் கடிதத்தையே கையில் கொண்டுவர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். வருகிறவர் அந்நியனாக இருந்தால் கடிதம் அவர் கையில் இருக்காது அல்லவா?

ஆகஸ்டு 30-ந் தேதி ஜார்ஜ் வந்தார். கையில் அந்தக் கடிதம் இருந்தது. தம்பியின் கண்ணை மறைத்த திரை அந்த நொடியில் கிழிந்தது. 798 நாட்களுக்குப் பிறகு அண்ணனை அண்ணனாகவே கண்டார்.

ஆனால் துன்பம் தீரவில்லை. நோய் வேறு உருவம் எடுத்தது. அதுவரை பேசாதவர் இப்போது ஓயாமல் பேசினார், ஓயாமல் எழுதினார். அவரைக் கைகால் அசைக்க முடியாதபடி அங்கிக்குள் இறுக்கிக் கட்டினார்கள். குளிரடிக்கும் தனி அறையில் போட்டார்கள். பிறகு மிடில்டவுன் நகரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே காவலாட்கள் நோயாளிகளை அடிப்பதைக் கண்டார். தாமும் அடிபட்டார். மாநில கவர்னருக்கே புகார் எழுதி அனுப்பினார். 1903-ல் குணமாகி வீடு திரும்பினார்.

மறைக்கவில்லை

பைத்தியம் என்று பெயர் வாங்கியவர்கள் அதை வெளியே சொல்லத் துணியாத காலம் அது. பீர்சும் நடந்ததை மறைத்துவிட்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தாம் விட்டு வந்த வார்டில் இன்னும் அடிபட்டுக்கொண்டிருந்தவர்களை அவர் மறக்கவில்லை. தம் கதை முழுவதையும் எழுதினார். வில்லியம் ஜேம்ஸ் என்ற பேரறிஞர் அதைப் படித்து ஆதரவு தந்தார். 1908 மார்ச்சில் நூல் வெளிவந்தது. தன்னையே கண்டுகொண்ட மனம் என்பது அதன் பெயரின் பொருள்.

அதே ஆண்டு கனெக்டிகட்டில் மன நலத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டு நாடு முழுவதற்கும் ஒரு கமிட்டி அமைத்தார். 1913-ல் நியூ ஹேவனில் ஒரு சிகிச்சை நிலையம் திறந்தார். ஆஸ்பத்திரியில் படுக்காமலே டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப அங்கே வழி இருந்தது. நோய் முற்றிய பிறகு அடைத்து வைப்பதைவிட, தொடக்கத்திலேயே கவனிப்பது மேல் என்பது அவர் கொள்கை.

1930-ல் வாஷிங்டனில் உலக மன நல மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்தியவரும் பீர்ஸ்தான். 1939-ல் நோய் மீண்டும் தலைகாட்டியது. பிராவிடன்ஸ் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1943 ஜூலை 9-ந் தேதி அங்கேயே காலமானார்.

விதை மரமாயிற்று

அவர் விதைத்த எண்ணம் சாகவில்லை. 1992-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், மனம் முதன்முதலாகத் தடுமாறும் இளைஞர்களுக்கென்றே தனிச் சிகிச்சைத் திட்டம் ஒன்று தொடங்கியது. 2006-ல் பீர்சின் சொந்த ஊரான நியூ ஹேவனிலும் அத்தகைய திட்டம் வந்தது. இத்திட்டங்களில் மருந்து உண்டு. பரிவான பேச்சும் உண்டு. பெற்றோரை உட்கார வைத்து நோயைப் பற்றி விளக்குகிறார்கள். பிள்ளை படிப்பையும் வேலையையும் விட்டுவிடாதபடி துணை நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய 404 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2015-ல் வெளியாயிற்று. அவர்களில் சரிபாதிப் பேர் நோய் தொடங்கி 74 வாரங்களோ அதற்கு மேலோ சிகிச்சை இல்லாமல் இருந்தவர்கள். தாமதம் குறைந்தவர்களுக்கே புதிய முறையால் அதிகப் பலன் கிடைத்தது.

வளர்ந்த பிள்ளை காரணமின்றி ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், எல்லோரையும் சந்தேகித்தால், இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், ஊர் என்ன சொல்லும் என்று மறைக்கக் கூடாது. அடிக்கவோ கட்டவோ கூடாது. உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

1953-ல் அமெரிக்க மனநோய் விடுதிகளில் முன்பு பயன்பட்ட சங்கிலிகளையும் விலங்குகளையும் உருக்கி, 300 பவுண்டு எடையில் ஒரு மணி வார்த்தார்கள். பீர்ஸ் தொடங்கிய இயக்கத்தின் சின்னம் அந்த மணி. மனிதரைக் கட்டிப்போட்ட இரும்பு, அவர்களுக்காக ஒலிக்கும் மணியாயிற்று.