ரால்ஃப் பாக்னால்ட்

ரால்ஃப் ஆல்ஜர் பாக்னால்ட் (ஏப்ரல் 3, 1896 – மே 28, 1990) பிரித்தானியப் படைத்துறைப் பொறியாளரும் பாலைவன ஆய்வாளரும் அறிவியலாளரும் ஆவார். பாதையற்ற லிபியப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு மகிழுந்துகளை ஓட்டிச் செல்வதற்கான முறைகளை 1920களின் பிற்பகுதியில் தம் நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு என்னும் பிரித்தானியப் படைப்பிரிவை நிறுவினார். காற்றினால் மணல் நகரும் விதத்தை இயற்பியல் முறையில் விளக்கியவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார்.

இளமை

பாக்னால்ட் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். இவரது தந்தை பிரித்தானியப் படையின் பொறியாளர் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். நாவலாசிரியர் ஈனிட் பாக்னால்ட் இவரது தமக்கை ஆவார். 1915இல் பொறியாளர் பிரிவில் சேர்ந்த பாக்னால்ட், முதலாம் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றினார். போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றார். அதன் பின்னர் படையின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியைத் தொடர்ந்தார். இப்பணியின்பொருட்டு எகிப்திலும் இந்தியாவிலும் வாழ்ந்தார்.

பாலைவனப் பயணங்கள்

கெய்ரோவில் பணியாற்றியபோது விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் மகிழுந்துகளில் பாலைவனத்துக்குச் செல்லத் தொடங்கினார். முதலில் ஃபோர்டு டி வகையும் பின்னர் ஃபோர்டு ஏ வகையும் பயன்பட்டன. 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் நீண்ட பயணங்களை மேற்கொண்டார். எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையிலுள்ள பெரும் மணற்கடலை வாகனத்தால் கடக்க முடியாது என்ற எண்ணத்தை இப்பயணங்கள் மாற்றின. இப்பயணங்களைப் பற்றி லிபியன் சாண்ட்ஸ் என்ற நூலை 1935இல் வெளியிட்டார்.

வாகனச் சிக்கல்களும் தீர்வுகளும்

இப்பயணங்களில் எதிர்ப்பட்ட முதன்மையான சிக்கல் எஞ்சின் சூடேறுதல் ஆகும். மென்மணலில் தாழ்ந்த கியரில் ஓட்டும்போது எஞ்சின் மிகுந்த வெப்பத்தை வெளியிடும். வாகனமோ மெதுவாகவே நகரும். பின்புறமிருந்து காற்று வீசினால் ரேடியேட்டரின் ஊடாகச் செல்லும் காற்றோட்டம் மேலும் குறையும். அக்கால ரேடியேட்டர்களில் நீர் கொதித்தால் நீராவி வழிவுக் குழாய் வழியே வெளியேறி வீணாகும். இழந்த நீரை ஈடுசெய்யக் குடிநீரையே ஊற்ற வேண்டியிருந்தது. ஆகவே எஞ்சின் கொதிப்பது பயணிகளின் உயிருக்கே ஆபத்தாக அமைந்தது.

இதற்குத் தீர்வாக, வழிவுக் குழாயை அடைத்துவிட்டு, ரேடியேட்டரின் மேற்பகுதியிலிருந்து ஒரு குழாயை வாகனத்தின் பக்கத்தில் பொருத்திய தகரக் கலத்துக்குக் கொண்டு சென்றனர். கலத்தில் பாதியளவு நீர் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் நீராவி இந்நீரில் புகுந்து குளிர்ந்து நீராகும். கலத்து நீரும் கொதிக்கத் தொடங்கினால் வாகனத்தைக் காற்று வீசும் திசையை நோக்கி நிறுத்துவர். எஞ்சின் குளிரும்போது ரேடியேட்டரினுள் அழுத்தம் குறைந்து, கலத்திலுள்ள நீர் முழுவதும் மீண்டும் உள்ளே இழுக்கப்படும். இணைப்புகளில் சிறிதளவு காற்று புகுந்தாலும் இம்முறை பயன் தராது. அனைத்தும் இறுக்கமாக இருந்தால் நீர் இழப்பு ஏறத்தாழ இல்லாமற் போகும்.

இரண்டாவது சிக்கல் திசையறிதல் ஆகும். வாகனத்தின் எஃகுப் பாகங்களும் மின்னோட்டமும் காந்தத் திசைகாட்டியைப் பிறழச் செய்தன. சரியான அளவீட்டுக்கு வாகனத்தை நிறுத்தி, இறங்கித் தொலைவு நடக்க வேண்டியிருந்தது. பாக்னால்ட் உருவாக்கிய சூரியத் திசைகாட்டியில், பாகைகள் குறிக்கப்பட்ட கிடைத்தட்டின் நடுவே ஓர் ஊசி செங்குத்தாக நிற்கும். அதன் நிழலைக் கொண்டு ஓடும் வாகனத்திலிருந்தே திசையை அறியலாம். சூரியனின் நகர்வுக்கேற்பத் தட்டை அவ்வப்போது திருத்த வேண்டும்.

டயர்களின் காற்றழுத்தத்தைக் குறைத்து மணலில் பதியும் பரப்பைக் கூட்டுதல், புதைந்த சக்கரங்களுக்கு அடியில் எஃகுத் தகடுகளை இடுதல், மணற்குன்றின் மீது வேகமாக ஏறுதல் ஆகியவை இக்குழுவினர் கையாண்ட பிற முறைகள் ஆகும்.

இரண்டாம் உலகப் போர்

1935இல் படையிலிருந்து ஓய்வு பெற்ற பாக்னால்ட், 1939இல் மீண்டும் அழைக்கப்பட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற இவரது கப்பல் நடுநிலக் கடலில் மோதலுக்குள்ளாகி எகிப்தின் போர்ட் சயிது துறைமுகத்தை அடைந்தது. தற்செயலான இந்நிகழ்வால் எகிப்திலேயே பணியமர்த்தப்பட்டார். 1940 சூனில் தளபதி வேவல் இவரது திட்டத்தை ஏற்று, படைப்பிரிவை உருவாக்க ஆறு வாரங்கள் அளித்தார். நியூசிலாந்து வீரர்கள் பெருமளவில் முன்வந்து இணைந்தனர். செவர்லே சுமையுந்துகளின் கதவுகளும் கூரைகளும் நீக்கப்பட்டு, குளிர்விப்புக் கலமும் சூரியத் திசைகாட்டியும் பொருத்தப்பட்டன. விடுமுறைப் பயணங்களில் கற்ற உத்திகள் இவ்வாறு போர்க்கருவிகளாயின.

1941இல் பாக்னால்ட் தலைமைப் பொறுப்பை கை பிரெண்டர்காசுட்டிடம் ஒப்படைத்தார். பாலைவன அறிவு ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1930களில் அதே பாலைவனத்தை ஆராய்ந்த அங்கேரியரான லாசுலோ அல்மாசி, 1942இல் செருமனிக்காக இரு உளவாளிகளை அதன் வழியே எகிப்துக்குள் கொண்டு சேர்த்தார்.

அறிவியல் பணிகள்

ஓய்வுக் காலத்தில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணலின் நகர்வை ஆராய்ந்தார். முடிவுகளைச் சரிபார்க்க 1938இல் லிபியப் பாலைவனத்துக்கு மீண்டும் சென்றார். மணற்பருக்கைகள் பெரும்பாலும் தரையையொட்டித் தாவித் தாவியே நகர்கின்றன என விளக்கினார். 1941இல் வெளியான இவரது காற்றடி மணல் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. 1944இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்காலத்தில் ஆறுகளில் வண்டல் நகர்வதைப் பற்றியும் ஆராய்ந்தார்.

மறைவு

பாக்னால்ட் 1990 மே 28 அன்று தமது 94ஆம் அகவையில் காலமானார். இவரது தன்வரலாற்று நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. செவ்வாய்க் கோளின் கேல் பள்ளத்திலுள்ள மணற்குன்றுத் தொகுதிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கியூரியாசிட்டி தரையுலவி 2015இல் அங்கு சென்று ஆய்வு செய்தது.