கொள்ளைக்காரர்களைத் திட்டிய சொல் கட்சிப் பெயரானது எப்படி? 'டோரி'யும் ராபர்ட் பீலும்

பிரிட்டன் அரசியல் செய்திகளைப் படிப்பவர்கள் 'டோரி' என்ற சொல்லைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கன்சர்வேட்டிவ் கட்சியின் சுருக்கப் பெயர், அவ்வளவுதானே என்று கடந்துபோயிருப்போம். ஆனா, அந்தச் சொல்லின் பொருள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில் நடுவில் சிக்கி, பதவியையும் கட்சியையும் இழந்தவர் பிரதமர் ராபர்ட் பீல்.

'டோரி' எங்கிருந்து வந்தது?

அயர்லாந்தின் ஐரிஷ் மொழியிலிருந்து. 17-ம் நூற்றாண்டில், நிலம் பறிக்கப்பட்டு வழிப்பறியில் இறங்கிய கத்தோலிக்கர்களைக் குறித்த சொல் இது. 1679-81-ல் இங்கிலாந்தில் ஒரு வாரிசுச் சண்டை. மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர் என்பதால், அவருக்கு அரியணை கூடாது என்றது ஒரு தரப்பு. ஜேம்ஸின் உரிமையை ஆதரித்தவர்களை எதிரிகள் 'டோரி' என்று கேலி செய்தார்கள். எதிர்த்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'விக்'. இரண்டுமே வசவுதான்!

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் 'டோரி' என்றால் அரசர், ஆங்கிலத் திருச்சபை, பெரிய நிலக்கிழார்கள் ஆகியோரின் பக்கம் நிற்பவர் என்று பொருள் ஆனது. கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தரக் கூடாது என்பதில் பல டோரிகள் உறுதியாக இருந்தார்கள். கத்தோலிக்கக் கொள்ளையரைக் குறித்த சொல் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

யார் இந்த பீல்?

1788-ல் லங்காஷயரின் பரி நகரில் பிறந்தவர். அப்பா பெரும் பணக்காரரான பருத்தி ஆலை முதலாளி. நிலக்கிழார்களின் கட்சிக்குள் ஓர் ஆலை முதலாளி மகன்! ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பில் வெளுத்து வாங்கியவர், 21 வயதில் எம்.பி. ஆனார். உள்துறை அமைச்சராக 1829-ல் லண்டன் பெருநகரக் காவல்துறையை உருவாக்கினார். லண்டன் போலீஸாருக்கு 'பாபி' என்ற செல்லப்பெயர் வந்தது ராபர்ட் என்ற இவர் பெயரால்தான்.

முதல் 'துரோகம்'

கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் அமரக் கூடாது என்று பல ஆண்டுகள் வாதாடியவர் பீல். 1828-ல் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் ஜெயித்துவிட்டார். இதற்கு மேலும் மறுத்தால் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் வெடிக்கும் என்று பீல் கணித்தார். மறு ஆண்டே தடையை நீக்கும் சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றினார். மனம் மாறியதால் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதி எம்.பி. பதவியை ராஜினாமா செய்து, அங்கேயே மீண்டும் நின்றார். தோற்றார்.

புதுப் பெயர், புதுப் பொருள்

1832-ன் சீர்திருத்தச் சட்டம் மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களுக்கு முதல்முறையாகத் தனித் தொகுதிகளைத் தந்தது. அதை எதிர்த்த பீல், 1834-ல் தன் டாம்வொர்த் தொகுதிக்கு வெளியிட்ட அறிக்கையில் ஏற்றுக்கொண்டார். தேவையான மாற்றத்தைச் செய்வோம், அடித்தளத்தைக் காப்போம் என்பதே அதன் சாரம். 'கன்சர்வேட்டிவ்' என்ற பெயர் நிலைத்தது இந்தக் காலத்தில்தான். 1841-ல் கட்சி பெரும்பான்மையுடன் ஆட்சியைப் பிடித்தது.

ரொட்டியா, கட்சியா?

வெளிநாட்டுத் தானியம் மலிவாக உள்ளே வராமல் தடுத்தவை தானியச் சட்டங்கள். நிலக்கிழாருக்கு லாபம், ஏழைக்கு ரொட்டி விலை ஏற்றம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகியது. அந்தச் சட்டங்களை நீக்குவதென்று பீல் முடிவெடுத்தார். ஆனா, அவற்றைக் காப்பதாக நம்பித்தான் பல டோரிகள் அவரைப் பிரதமராக்கியிருந்தார்கள்! சொந்தக் கட்சி எம்.பி.க்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்க்க, எதிர்க்கட்சி ஓட்டுகளால் 1846-ல் மசோதா நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதற்கு ஒப்புதல் தந்த அதே இரவில், வேறொரு மசோதாவில் பீலைத் தோற்கடித்துப் பழிதீர்த்தார்கள் கட்சிக்காரர்கள். ஜூன் 29-ல் பதவி விலகினார்.

சட்டம் நீங்கியும் அயர்லாந்து தப்பவில்லை. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். கட்சியும் உடைந்தது. மீண்டும் பெரும்பான்மை பெற 1874 வரை காத்திருந்தது. பீலின் ஆதரவாளர்கள் 1859-ல் லிபரல் கட்சி உருவானபோது அதில் கலந்தார்கள்.

1850 ஜூன் 29, பதவி விலகிய அதே தேதி. லண்டனில் குதிரையிலிருந்து விழுந்த பீல், ஜூலை 2-ல் இறந்தார்.

அவரைத் துரத்தியவர்கள் என்ன ஆனார்கள்? சில ஆண்டுகளிலேயே தானிய வரியை மீட்கும் பேச்சை அவர்களும் கைவிட்டார்கள். 20-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்கரெட் தாட்சரின் டோரிகள் தடையற்ற சந்தையையே கட்சியின் அடையாளமாக்கினார்கள். பீலைத் துரோகியாக்கிய தடையற்ற வணிகம், கடைசியில் டோரிகளின் கொள்கையாகவே ஆகிவிட்டது.

அதனால், ஒருவரை 'பழமைவாதி' என்று படித்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இவர் காப்பாற்ற நினைப்பது எந்தக் காலத்துப் பழமையை, யாருக்காக?