ராஸீ கேட்க மறந்த கேள்வி

ராஸீ என்றதும் நம்மில் பலருக்குத் தஃப்ஸீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ நினைவுக்கு வருவார். இங்கே பேசப்படுபவர் அவருக்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகள் முந்தியவர், மருத்துவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ. இருவரும் ரய் நகரத்தவர்கள் என்பதால் இருவருக்கும் இந்தப் பெயர் வந்தது. ரய் இன்றைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ஊர்.

ஹிஜ்ரி 251-இல், அதாவது கி.பி. 865-இல் பிறந்த அவர், ரய்யிலும் பிறகு பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தார். அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை நம் அறிஞர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அது தனி விஷயம். நோயாளியின் கட்டிலருகே அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். மருத்துவமனையில் பணிபுரியும் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அவருடைய மருத்துவ அவை எப்படி நடந்தது என்பதை இப்னுந் நதீம் தமது ஃபிஹ்ரிஸ்த் நூலில் பதிவு செய்திருக்கிறார். ராஸீ நடுவில் அமர்ந்திருப்பார். அவருக்கு அடுத்து அவருடைய மாணவர்களும், அவர்களுக்கு அடுத்து அந்த மாணவர்களின் மாணவர்களும் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். வரும் நோயாளி முதலில் சந்திப்பவரிடம் தன் நோயைச் சொல்வார். அவருக்கு விளங்கவில்லை என்றால் அடுத்த வரிசையிலிருப்பவரிடம் செல்வார். அவர்களுக்கும் தெரியாவிட்டால்தான் ராஸீ பேசுவார். எனக்குத் தெரியவில்லை, மேலே கேளுங்கள் என்று சொல்வது அங்கே இழிவாகக் கருதப்படவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டினால் ஆபத்து நோயாளிக்குத்தான். ஏழைகளிடம் அவர் மிகுந்த இரக்கம் காட்டினார், அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார், நோயில் கிடந்தால் பராமரிக்கவும் செய்தார் என்றும் அந்நூல் சொல்கிறது.

அவர் தம் கைப்பட எழுதிவைத்த நோயாளிக் குறிப்புகளில் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருடைய குறிப்பு புகழ்பெற்றது. அந்த மனிதருக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. சில சமயம் தினமும், சில சமயம் ஒருநாள் விட்டு ஒருநாள், சில சமயம் ஆறு நாளைக்கு ஒருமுறை. காய்ச்சலுக்கு முன் லேசாக நடுக்கம் வரும். சிறுநீரும் அடிக்கடி கழித்தார். இது நான்காம் முறைக் காய்ச்சலாக மாறலாம், அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கலாம் என்று ராஸீ இரண்டு வாய்ப்புகளைச் சொன்னார். சில நாட்களில் நோயாளியின் சிறுநீரில் சீழ் வந்தது. நோய் சிறுநீரகத்தில்தான் என்பது உறுதியானது. அதற்கேற்ற மருந்துகளைக் கொடுத்தார். சுமார் இரண்டு மாதத்தில் அவர் முழுமையாகக் குணமடைந்தார்.

நோயாளி குணமானதோடு இந்தச் சம்பவத்தை அவர் முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முதலிலேயே ஏன் தம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் அவர் எழுதினார். எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதா என்று தாம் கேட்டிருக்க வேண்டும். நோயாளி அதைச் சொல்லவில்லை, தாமும் கேட்காமல் விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அடிக்கடி சிறுநீர் கழித்ததும் தம் சந்தேகத்தை வலுப்படுத்தியிருக்க வேண்டும் என்று குறித்தார். அன்றைய உலகின் தலைசிறந்த மருத்துவர், தாம் கேட்க மறந்த ஒரு கேள்வியைப் பின்னால் வருபவர்கள் படிப்பதற்காக எழுதிவைத்தார்.

மருந்து விஷயத்திலும் இதே எச்சரிக்கை அவரிடம் இருந்தது. உணவாலேயே சரிசெய்ய முடிந்தால் மருந்து வேண்டாம், ஒரே ஒரு மருந்து போதுமானால் பலவற்றைக் கலக்க வேண்டாம் என்பது அவருடைய கொள்கை. பாதரசத்தை உட்கொண்டால் என்ன ஆகும் என்பதை அறிய அதைக் குரங்கு ஒன்றுக்குக் கொடுத்துக் கவனித்தார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்ததைக் குறித்துக்கொண்டார்.

ஜாலீனூஸ் என்று அரபு நூல்கள் அழைக்கும் கிரேக்க மருத்துவர் காலனை ராஸீ தம் ஆசானாக மதித்தார். ஆயினும் தாம் பார்த்த நோயாளிகளின் நிலை ஜாலீனூஸ் எழுதியதோடு ஒத்துப்போகாத இடங்களைச் சுட்டிக்காட்ட ஒரு நூலே எழுதினார். ஆசானுக்குரிய மரியாதை, கண்ணால் கண்டதைச் சொல்வதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு.

பெரியம்மை, தட்டம்மை இரண்டையும் பற்றிய அவருடைய நூல் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. முதுகுவலி பெரியம்மையில் அதிகம், குமட்டலும் மனப்பதற்றமும் தட்டம்மையில் அதிகம் என்று அறிகுறிகளைப் பிரித்துக் காட்டினார். கொப்புளங்கள் கிளம்பும்போது நோயாளியின் கண்ணையும் தொண்டையையும் எப்படிக் காப்பது என்பதையும் அதில் எழுதினார். நோயின் பெயரைச் சொல்வதோடு அவர் வேலை முடியவில்லை. நோயாளி பார்வை இழக்காமல் எழுந்து நடக்க வேண்டும் என்பதிலும் அவருக்கு அக்கறை இருந்தது.

அவரைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் ஒரு கதை உண்டு. பக்தாதில் பல இடங்களில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே தாமதமாக அழுகியதோ அங்கே அளுதீ மருத்துவமனையைக் கட்டச் சொன்னார் என்பார்கள். ஆனால் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு. எதையும் சோதித்துப் பார்த்து எழுதிய ஒருவரைப் பற்றி நாம் சோதிக்காத கதையைப் பரப்புவது முறையல்ல.

கடைசிக் காலத்தில் ராஸீ பார்வை இழந்தார். ஹிஜ்ரி 313-இல், கி.பி. 925-இல் ரய்யில் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை மாணவர்கள் தொகுத்தார்கள். அதுவே அல்-ஹாவீ என்னும் பெருநூல். 1279-இல் அது லத்தீனுக்குச் சென்றது. நம் காலத்தில் இந்தியாவின் ஹைதராபாத்தில் உள்ள தாயிரத்துல் மஆரிஃப் அதன் அரபு மூலத்தை 23 பாகங்களாக அச்சிட்டது.

இன்று நம் பிள்ளைகள் பலர் செவிலியர்களாக வார்டுகளில் நிற்கிறார்கள். இரவுப் பணியில் ஒரு மருந்தின் அளவு மாறிவிடலாம், கேட்க வேண்டிய ஒன்று விட்டுப்போகலாம். பயத்தில் அதை மறைத்தால் நோயாளிக்கு ஆபத்து தொடரும். உடனே பொறுப்பாளரிடம் சொன்னால் நோயாளியைக் காப்பாற்ற வழி உண்டு. அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் மகளையோ மகனையோ திட்டாதீர்கள். அவர்கள் தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காத்திருக்கிறார்கள்.

நோயாளியின் உறவினராக நாம் நிற்கும்போதும் கடமை உண்டு. சாப்பிட்ட நாட்டு மருந்தையும், சொல்ல வெட்கப்படும் தொந்தரவையும் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். ராஸீக்கே ஒரு நோயாளி சொல்லாமல் விட்டது, உரிய நேரத்தில் தெரியாமல் போனது.